தாடை தேய்ஞ்சுபோன ஒட்டுண்ணிக் கடற்புழு கைக்கு வந்தா எந்தக் குடும்பம்னு எப்படிக் கண்டுபிடிக்கறது

ஒரு கடற்புழுவ அறுத்துப் பாக்கறீங்க, குடல் ஒரு பக்கம் கெடக்கு, அதுக்குப் பக்கத்துல குடல் மாதிரியே நீளமா இன்னொண்ணும் கெடக்கு, சரி குடலோட மடிப்புன்னு நெனச்சு நகத்தினா அதுக்குத் தனியா கண்டம் கண்டமா உடம்பு, ரெண்டு பக்கமும் குட்டிக் குட்டிக் கால், நுனியில கூம்பு மாதிரி தலை. புழுவுக்குள்ள புழு. பாலிகீட், அதாவது கண்டம் கண்டமா உடம்பு வச்ச கடற்புழுக் கூட்டம், அதப் படிக்கறவங்க நெறைய பேருக்கு இப்படி ஒண்ணு ஒரு தடவ கூட கைக்கு வராது, வந்தவங்கள்லயும் பாதிப் பேரு அத குடலோட சேத்துத் தூக்கிப் போட்டிருப்பாங்க. வந்துட்டா என்ன பண்றது, அத எந்தக் குடும்பத்துல வைக்கறதுங்கறதுக்குத்தான் இந்தக் கட்டுரை. எம்எஸ்சி பண்றவங்க, புதுசா ரிசர்ச்சுக்கு வந்தவங்க, லேப்ல பெந்தோஸ், அதாவது கடலடி உயிரிங்க, சாம்பிள் பிரிக்கறவங்க, இவங்கள மனசுல வச்சு எழுதறேன்.

முதல்ல எந்தக் கூட்டத்தப் பத்திப் பேசறோம்னு சொல்லிடறேன். பாலிகீட்ல யூனிசிடான்னு ஒரு வரிசை இருக்கு. தொண்டைக்குள்ள தாடை வச்சிருக்கறதுதான் இதோட அடையாளம். கீழ்ப்பக்கம் ஒரு ஜோடி மாண்டிபிள், மேல்பக்கம் வரிசையா மேக்ஸில்லா, மேக்ஸில்லாக்குப் பின்னாடி அதத் தாங்கற மாதிரி கேரியர்னு ஒரு துண்டு. மாண்டிபிள், மேக்ஸில்லா, கேரியர், இந்த மூணு பேரும் கட்டுரை முழுக்க வரும், இப்பவே மனசுல போட்டுக்கங்க. யூனிசிடால பெரும்பாலான புழுங்க சொந்தமா வேட்டையாடியோ மேஞ்சோ பொழைக்கறதுதான், ஆனா சிலது இன்னொரு விலங்கோட உடம்புக்குள்ளயோ செவுளுக்குள்ளயோ குடியிருக்கு. அப்படிக் குடியிருக்கற சிலதுக்கு தாடை சிறுத்துப்போயிருக்கு, துண்டுங்க எண்ணிக்கை கொறஞ்சிருக்கு, நெறமே இல்லாம வெளுத்திருக்கு. சுத்தி சாப்பாடு மெதக்கற எடத்துல கடிக்கற கருவிக்கு என்ன வேலை.

இங்கதான் சிக்கல். யூனிசிடா குடும்பங்கள நாம பிரிக்கறதே தாடைய வச்சுத்தான். அந்தத் தாடையே தேய்ஞ்சுபோனா எத வச்சுப் பிரிக்கறது? நான் இத்தன நாள் பாத்ததுல எனக்கு வந்த முடிவு ஒண்ணுதான், என்ன போச்சுங்கற கணக்க விடுங்க, என்ன மிச்சம் இருக்கு, அது எந்த அமைப்புல நிக்குதுன்னு பாருங்க. தாடை போறது வேற வேற குடும்பத்துல தனித்தனியா நடந்திருக்கு, அதனால “ரெண்டுலயும் மேக்ஸில்லா கொறச்சல்”ங்கறத வச்சு ரெண்டும் சொந்தம்னு சொல்ல முடியாது. ரெண்டு பேருக்கு வழுக்கை இருந்தா அவங்க அண்ணன் தம்பியா என்ன.

மொதல்ல முழுத் தாடையப் பாத்துப் பழகுங்க

தேய்ஞ்சது புரியணும்னா தேயாதது எப்படி இருக்கும்னு கைக்கு வரணும். ஒட்டுண்ணி கெடைக்கற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், சாதாரணமா கெடைக்கற புழுவுல ஆரம்பிங்க. நம்ம ஊர்ல சேத்து மணல்ல ட்யூப் கட்டி வாழற டயோபட்ரா இருக்கு, அது ஓனுஃபிடே குடும்பம். மார்ஃபைசா இருக்கு, யூனிசிடே குடும்பம், இறால் ஹேச்சரிகள்ல தாய் இறாலுக்குத் தீவனமா பாலிகீட் போடறாங்க இல்லயா, அந்த மாதிரி எடத்துலயும் கேட்டா கெடைக்கலாம். லம்ப்ரினெரிஸ் சேத்து சாம்பிள்ல அடிக்கடி வரும். இந்த மூணையும் பத்துப் பத்து அறுத்துப் பாத்துட்டீங்கன்னா பாதிப் பாடம் முடிஞ்சது.

தாடை அமைப்புல முக்கியமான வகைங்க மூணு நாலுதான். ஜெர்மன்காரர் ஏர்ன்ஸ்ட் ஏலர்ஸ் 1860-கள்லயே லாபிடோக்னாத், ப்ரியோனோக்னாத்னு ரெண்டாப் பிரிச்சாரு. லாபிடோக்னாத்ங்கறது டயோபட்ரா, மார்ஃபைசால பாக்கறது: முதல் மேக்ஸில்லா ஜோடி இடுக்கி மாதிரி வளைஞ்சு வழவழன்னு இருக்கும், கேரியர் குட்டையா அகலமா இருக்கும், இடது வலது ஒண்ணா இருக்காது, மூணாவது மேக்ஸில்லா இடது பக்கம் மட்டும்தான் இருக்கும். இந்த இடது வலது வித்தியாசத்த ஒரு தடவ கண்ணால பாத்துட்டா மறக்காது. ப்ரியோனோக்னாத்ங்கறது ஈனோனிடே குடும்பம், பழைய புத்தகங்கள்ல இதுல பெரும்பகுதி அராபெல்லிடேன்னு இருக்கும், 1953-ல வந்த ஃபாவெல் எழுதின இந்திய பாலிகீட் புத்தகத்தப் புரட்டறவங்க அதுக்குத் தயாரா இருங்க. இதுல மேக்ஸில்லாங்க ரெண்டு வரிசையா ஒண்ணு பின்னாடி ஒண்ணா நிக்கும், கேரியர் மெல்லிசா ரொம்ப நீளமா பின்னாடி வரைக்கும் ஓடும், அந்த ரெண்டு நீளக் கேரியருக்கு நடுவுல, கீழ்ப்பக்கமா, ஜோடி இல்லாத மூணாவது ஒரு துண்டு இருக்கும். அந்த மூணாவது துண்ட அடிக்கோடு போட்டு வச்சுக்கங்க, கடைசி வரைக்கும் அதுதான் கைகொடுக்கப் போகுது.

அடுத்தது டீனோக்னாத், டார்வில்லீடே குடும்பம். இதுல ரெண்டு பக்கமும் பொடிப்பொடியா பல்லு வரிசை வரிசையா சீப்பு மாதிரி அடுக்கியிருக்கும், நெறைய இனத்துல துண்டுங்க எண்ணவே முடியாத அளவுக்கு இருக்கும். லம்ப்ரினெரிடேல இடுக்கி இருக்கும், ஆனா இடது வலது ஏறக்குறைய சமமா இருக்கும், கேரியர் அகலமா, முதல் மேக்ஸில்லா அளவுக்குள்ளயே நிக்கும். இன்னும் வகைங்க இருக்கு, ஆனா அதெல்லாம் ஃபாசில்ல வர்றது. இந்தத் தாடைங்க டைனோசருக்கும் ரொம்ப முந்தின ஆர்டோவிசியன் காலத்துப் பாறையிலயே குவியலா கெடைக்குது, ஸ்கோலிகோடான்ட்னு பேரு. கனடாப் பாறையில இருந்து எடுத்தத 1879-ல ஹிண்டேங்கறவர் புழுத்தாடைதான்னு விவரமா எழுதினாரு. போலந்துல சோஃபியா கீலான்-யவரோவ்ஸ்கா சுண்ணாம்புப் பாறைய ஆசிட்ல கரைச்சு, தனித்தனித் துண்டா இல்லாம முழுத் தாடைத் தொகுப்பா எடுத்து 1966-ல பெரிய புத்தகமே போட்டாங்க. மங்கோலியா கோபி பாலைவனத்துல டைனோசர் எடுத்த பயணங்கள நடத்தினதும் அவங்கதான், ஆனா எனக்கு அவங்க மேல மரியாதை வந்தது இந்தப் புழுத்தாடைப் புத்தகத்தால.

ஓம்புயிரிய விட்டுடாதீங்க

ஒட்டுண்ணி கெடைச்ச சந்தோஷத்துல அது இருந்த வீட்ட, அதாவது ஓம்புயிரிய, தூக்கிப் போட்டுடறாங்க. அது பெரிய தப்பு. எந்த விலங்கு, அந்த விலங்குல எந்த எடம், இது ரெண்டும் தாடை அளவுக்கு முக்கியம். உடற்குழிக்குள்ளயா, ரத்தக் குழாய்க்குள்ளயா, செவுள் அறைக்குள்ளயா, முட்டைக் கொத்துக்கு நடுவுலயா, இத எடுக்கறதுக்கு முன்னாடியே எழுதுங்க, முடிஞ்சா எடுக்கறதுக்கு முன்னாடியே ஒரு போட்டோ, ஐபீஸ்ல மொபைல வச்சு எடுத்தாலும் போதும்.

ஏன் சொல்றேன்னா, இந்தக் கூட்டத்துல யார் எங்க இருப்பாங்கங்கறதுல ஒரு ஒழுங்கு இருக்கு. ஈனோனிடே ஒட்டுண்ணிங்க பெரும்பாலும் இன்னொரு புழுவோட உடம்புக்குள்ள. 1888-ல பிரான்ஸ்ல செயின்ட்-ஜோசஃப் எழுதின லாப்ரோரோஸ்ட்ராட்டஸ் பாராசிட்டிகஸ் சில்லிட் புழுங்களுக்குள்ள இருந்தது. ஒலிகோக்னாத்தஸ் பொனெல்லியே பொனெல்லியாங்கற பச்சைக் கரண்டிப்புழுவுக்குள்ள இருந்தது, 1882-ல ஷ்பெங்கல் எழுதினது. அராபெல்லா எண்டோனேட்டா கலிஃபோர்னியால டயோபட்ரா ஆர்னேட்டாக்குள்ள கெடைச்சு 1974-ல பேர் வாங்கினது. டார்வில்லீடேல ஒட்டி வாழறதுங்க நெறைய நண்டோட செவுள் அறையில: ஐஃபிடைமேங்கற பேரினம் நண்டுலயும், சங்குக்குள்ள குடியிருக்கற ஹெர்மிட் நண்டுகிட்டயும் இருக்கும், ஜப்பான்ல அந்தப் பெரிய சிலந்தி நண்டு இருக்கே, அதுலயும் ஒரு ஐஃபிடைமே உண்டு. ஆஃப்ரியோட்ரோக்கா ஜெரியோனிகோலா ஆழ்கடல் ஜெரியான் நண்டோட செவுள்ல. வெனெரிசெர்வா மட்டும் இதுல வேற மாதிரி, அது ஆஃப்ரோடைட்டாங்கற முடி போத்தின புழுவுக்கு உள்ளயே இருக்கும், அன்டார்க்டிக் பக்கம் அதோட சொந்தக்காரப் புழு லெட்மோனிசேக்குள்ளயும் பாத்திருக்காங்க. அதனால எடத்த மட்டும் வச்சு முடிவு கட்டாதீங்க, எடம் ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

பதப்படுத்தற விதம்

உயிரோட கெடைச்சா மெக்னீசியம் குளோரைடு கரைசல்ல மயக்குங்க, ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு எழுபது கிராமுக்குக் கொஞ்சம் மேல போட்டா கடல் தண்ணியோட உப்பளவுக்குப் பக்கத்துல வரும். நேரா ஃபார்மலின்ல போட்டா சுருண்டு தொண்டைய இறுக்கிக்கும், சிலது தாடைய வெளிய துப்பினபடியே செத்துப்போகும், அப்ப துண்டுங்க எடம் மாறிடும், அமைப்பு பாக்கறதுதான் நம்ம வேலையே. மயங்கினதும் போட்டோ, அப்புறம் வால் பக்கத்துல ஒரு சின்னத் துண்ட வெட்டி டிஎன்ஏக்காக 95 சதவீத ஆல்கஹால்ல வைங்க, மீதிய கடல் தண்ணியில கலந்த பத்து சதவீத ஃபார்மலின்ல. ஃபார்மலின்ல போராக்ஸ் போட்டு அமிலத்தன்மைய எடுத்துடுங்க. யூனிசிட், ஓனுஃபிட் புழுங்களோட மாண்டிபிள் நுனியில வெள்ளையா சுண்ணாம்பு இருக்கும், புளிச்ச ஃபார்மலின்ல வருஷக்கணக்கா கெடந்தா அது கரைஞ்சுடும், அப்புறம் யாராவது எடுத்துப் பாத்து இந்தப் புழுவுக்கு மாண்டிபிள் சின்னதுன்னு எழுதிடுவாங்க. அது ஒட்டுண்ணியா இருந்ததால தேய்ஞ்சதில்ல, ஜாடிக்குள்ள தேய்ஞ்சது.

அறுக்கறதுக்கு முன்னாடி ஊடுருவிப் பாருங்க

பெரிய புழுன்னா முதுகுப் பக்கம் தலைக்குப் பின்னாடி இருந்து நேரா ஒரு கோடு கிழிச்சு தொண்டையத் தொறந்தா போதும். ஒட்டுண்ணிங்கள்ல அது வேண்டாம். இதுங்க பல சமயம் நூல் கனம், தாடை அதுக்குள்ள ஒரு மில்லிமீட்டருக்கும் கீழ. கத்தி வச்சா மொதல்ல உடையறதே கேரியர்தான்.

அதனால மொதல்ல புழுவ கண்ணாடி மாதிரி ஆக்குங்க. எழுபது சதவீத ஆல்கஹால்ல நாலஞ்சு சொட்டு கிளிசரின் விட்டு, அதுல புழுவப் போட்டு, தூசி விழாம லேசா மூடி ராத்திரி வச்சிடுங்க. ஆல்கஹால் மெல்ல ஆவியாகி காலையில கிளிசரின் மட்டும் நிக்கும், தசை தெளிஞ்சிருக்கும். தலைப்பகுதிய ஸ்லைடுல வச்சு, கவர்ஸ்லிப் நசுக்காம இருக்க நாலு மூலையிலயும் மெழுகுப் பொட்டு வச்சு மூடுங்க. இப்ப மைக்ரோஸ்கோப்ல கண்டென்சர் டயாஃப்ரம நல்லா மூடுங்க. இது ரொம்ப முக்கியம். சாதாரணத் தாடை கறுப்பா பழுப்பா தெரியும், யாரும் தவற விட மாட்டாங்க, ஆனா தேய்ஞ்ச தாடை வைக்கோல் நெறத்துல, சிலது நெறமே இல்லாம, தண்ணியில விழுந்த கண்ணாடித் துண்டு மாதிரி கெடக்கும், வெளிச்சத்த அதிகமா விட்டா கண்ணுக்கே தெரியாது. ஃபேஸ் கான்ட்ராஸ்ட் இருந்தா இன்னும் நல்லது. ஃபோகஸ மேல இருந்து கீழ மெதுவா எறக்கிட்டே வாங்க, மேக்ஸில்லா மேல, மாண்டிபிள் கீழ, ஒரே ஃபோகஸ்ல ரெண்டும் வராது. முதுகுப் பக்கம் பாத்து முடிச்சதும் திருப்பிப் போட்டு வயித்துப் பக்கம் இருந்தும் பாருங்க.

இந்த எடத்துல எனக்கு நடந்தத சொல்லியாகணும். படிக்கற காலத்துல ஒரு அராபெல்லாவ, அது முழுத் தாடை உள்ள பெரிய புழு, ஒட்டுண்ணி கூட இல்ல, முதுகுப் பக்கமாக் கிழிச்சு ரெண்டு நீளக் கேரியரையும் பாத்து வரைஞ்சு வச்சேன். அழகா வந்திருந்தது. மூணாவது துண்டு என் படத்துல இல்ல. நோட்டுல “இல்லை”ன்னும் எழுதிட்டேன். அடுத்த வாரம் அதே ஸ்லைடத் திருப்பிப் போட்டு கீழ இருந்து பாக்கறப்ப ரெண்டு கறுப்பு இழைக்கு அடியில, அதுங்கள விட வெளிறிப்போய், ஒரு மெல்லிசத் தகடு அமைதியாக் கெடந்தது. மேல இருந்த ரெண்டும் அத மறைச்சிருக்கு. முழுசா இருக்கற புழுவுலயே இப்படின்னா தேய்ஞ்சதுல எவ்வளவு கவனம் வேணும்னு அன்னைக்கு வயித்தக் கலக்கிடுச்சு, அதுக்கப்புறம் ஒரு பக்கம் மட்டும் பாத்து நான் எதையும் எழுதறதில்ல.

ஊடுருவிப் பாத்தும் தெளியலன்னா அடுத்தது சதையக் கரைக்கறது. நெறைய பேர் ப்ளீச் அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் ஊத்துவாங்க. பெரிய தாடைக்கு அது சரி. தேய்ஞ்ச தாடைக்கு வேண்டவே வேண்டாம், தாடையும் புரதம்தான், கொஞ்சம் அசந்தா சதையோட சேந்து தாடையும் போய்டும், போகலன்னாலும் துண்டு துண்டாப் பிரிஞ்சு எது எங்க இருந்ததுன்னு தெரியாமப் போகும். டிஎன்ஏ கிட்ல வர்ற புரோட்டினேஸ் கேங்கற சதை கரைக்கற நொதி இருக்கு பாருங்க, தலைத் துண்ட அதுல ஊற வச்சா சதை கரைஞ்சு கெட்டியான தாடை மட்டும் குழாய் அடியில மிச்சம் நிக்கும், கரைஞ்சதுல இருந்து டிஎன்ஏவும் எடுத்துக்கலாம். ஒரே புழுதான் இருக்குங்கற நெலமையில இதவிட நல்ல வழி எனக்குத் தெரியல. ஆனா பாதியில பாதியில எடுத்துப் பாருங்க, சதை முக்கால்வாசி போய் துண்டுங்க இன்னும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கற நேரத்துல போட்டோ எடுத்துடணும்.

கேள்விங்கள இந்த வரிசையில கேளுங்க

கேரியர்ல இருந்து ஆரம்பிங்க. பல பேரு பல்ல எண்ண ஆரம்பிப்பாங்க, நான் கடைசியிலதான் எண்ணுவேன். கேரியர் இருக்கா, இருந்தா நீளமா குட்டையா, முதல் மேக்ஸில்லாவோட எத்தன மடங்கு, அளந்து எழுதுங்க. மெல்லிசா நீளமா, மேக்ஸில்லா நீளத்தப் பல மடங்கு தாண்டிப் போகுதுன்னா ஈனோனிடே பக்கம் சாயலாம், அதோட அந்த ஜோடி இல்லாத மூணாவது துண்டும் தெரிஞ்சா மேக்ஸில்லா ஒண்ணோ ரெண்டோ ஜோடிதான் மிச்சம் இருந்தாலும் ஈனோனிடேதான். மேக்ஸில்லா தேயற வேகத்துக்குக் கேரியர் தேயறதில்லங்கறது எனக்கு நம்பகமான துணை. குட்டையா அகலமா இருந்தா வேற பக்கம் பாருங்க. கேரியரே இல்ல, அதுக்குப் பதிலா ரெண்டு பக்கமும் பொடித் துண்டுங்க வரிசையா நிக்குதுன்னா டார்வில்லீடே.

அடுத்து மாண்டிபிள். இருக்கா, ரெண்டும் நடுவுல ஒட்டியிருக்கா, உடம்புக்கு எவ்வளவு பெருசு. ஈனோனிடேக்குள்ள பேரினம் பிரிக்க இது உதவும்: ட்ரிலோனெரீஸ்ல மாண்டிபிள் ரொம்பச் சின்னதா இருக்கும், சிலதுல இல்லவே இல்ல, ஆனா மேக்ஸில்லா கூட்டம் ஓரளவு நல்லா இருக்கும். லாப்ரோரோஸ்ட்ராட்டஸ்ல ஏறக்குறைய தலைகீழ், மாண்டிபிள் நல்லாத் தெரியும், மேக்ஸில்லாதான் சிறுத்திருக்கும். ஒரே குடும்பத்துக்குள்ள ஒண்ணுல கீழ்த்தாடை போகுது இன்னொண்ணுல மேல்தாடை போகுது, இதப் பாக்கறப்பல்லாம் எனக்கு ஆச்சரியமாத்தான் இருக்கு. பழைய ஆளுங்க வச்ச பேர்லயே இந்தத் தேய்மானம் இருக்கு, ஒலிகோக்னாத்தஸ்னா கிரேக்கத்துல கொஞ்சத் தாடைக்காரன்னு அர்த்தம். ஹீமட்டோக்ளெப்டஸ்னா ரத்தத் திருடன், டெரிபெல்லிடஸ் புழுவோட ரத்த ஓட்டப் பாதையில இருந்து எடுத்ததால 1886-ல வீரேன் அப்படிப் பேர் வச்சாரு.

கடைசியா மேக்ஸில்லா எண்ணுங்க, இடது வலது தனித்தனியா. முதல் ஜோடி 1+1, ரெண்டாவது 4+5 அப்படின்னு பல்லுக் கணக்கக் கூட்டல் குறி போட்டு எழுதறதுதான் வழக்கம், இடதுதான் முதல்ல வரும். ஸ்லைடுல வயித்துப் பக்கம் மேல வச்சிருந்தா இடது வலது மாறும், அத ஓரத்துல எழுதி வைங்க, இல்லன்னா ரெண்டு மாசம் கழிச்சு உங்க படத்த நீங்களே நம்ப முடியாது.

தாடைய மட்டும் நம்பாதீங்க, உடம்பையும் கேளுங்க

தாடை சொல்றத உடம்பு ஒத்துக்குதான்னு பாக்கணும். ஈனோனிடேன்னா தலை கூம்பா இருக்கும், வெளிய நீட்டிட்டிருக்கற உணர்கொம்பு பெரும்பாலும் தெரியாது, மயிர்க்கால்ல, அதாவது பக்கவாட்டுக் குட்டிக் கால்ல, எளிய சுணைதான் (விறைப்பான மயிர்) இருக்கும், மூட்டு வச்ச கூட்டுச் சுணை இருக்காது, நுனிய மெல்லிசு உறை மூடின, அதாவது முக்காடு போட்ட, கொக்கியும் இருக்காது. முக்காடு போட்ட கொக்கி தெரிஞ்சா லம்ப்ரினெரிடேயான்னு திரும்பப் பாருங்க. கால்ல இருந்து தடிச்ச முள்ளு வெளிய துருத்திட்டு நின்னா ட்ரிலோனெரீஸ் பக்கம். டார்வில்லீடேன்னா தலையில உணர்கொம்பும் பால்ப்பும் (தலையோட பக்கத்துல இருக்கற இன்னொரு ஜோடி உணரி) இருக்கணும், ஒட்டி வாழறதுல அது குட்டையாகிப் போயிருக்கும், ஐஃபிடைமேல காலோட ஒட்டி செவுள் இருக்கும். ஒரு காலத்துல ஐஃபிடைமேக்குத் தனிக் குடும்பமே வச்சிருந்தாங்க, அப்புறம் டார்வில்லீடேக்குள்ள கொண்டுவந்துட்டாங்க.

எல்லாத்துலயும் எனக்குப் பிடிச்சது ஹிஸ்ட்ரியோப்டெல்லா. ஐரோப்பாக் கடல்ல இருக்கற கொடுக்கு வச்ச லாப்ஸ்டரோட செவுள் அறையிலயும் முட்டைக் கொத்துலயும் வாழற சின்னப் புழு, ஒன்றரை மில்லிமீட்டர் வந்தா பெருசு. நம்ம சிங்கி றால் வேற கூட்டம், அதுல இதத் தேடாதீங்க. இதுக்குச் சுணையே கெடையாது, கண்டம் நாலஞ்சுதான் தெரியும், பின்னாடி ரெண்டு கால் மாதிரி நீட்டிட்டு அதுல ஒட்டி ஒட்டி நடக்கும். பாத்தா புழுன்னே தோணாது. பெல்ஜியத்துக்காரர் வான் பெனெடன் 1858-ல இத அட்டை வகையிலதான் சேத்தாரு, ஹிஸ்ட்ரியோன்னா நடிகன், ப்டெல்லான்னா அட்டை, கூத்தாடி அட்டைன்னு வச்சுக்கலாம். ஆனா வாயத் தொறந்தா உள்ள மாண்டிபிளும் மேக்ஸில்லாவும் இருக்கு! அந்தத் தாடைய வச்சுத்தான் மெனில், கோலரி ரெண்டு பேரும் 1922-ல இது யூனிசிடா கூட்டம்னு வாதாடினாங்க, இன்னைக்கும் அது அங்கதான் நிக்குது. இதோட சொந்தக்காரன் ஸ்ட்ராட்டியோட்ரிலஸ் டாஸ்மேனியா, மடகாஸ்கர், தென் அமெரிக்கான்னு நல்ல தண்ணி நண்டு, க்ரேஃபிஷ்ங்க மேல இருக்கு. ஈனோனிடேல உடம்பு முழுசா இருக்க தாடை போச்சு, இதுல உடம்பே போயி தாடை நின்னுச்சு. அதனாலதான் ஒரே அடையாளத்தப் புடிச்சுத் தொங்காதீங்கன்னு சொல்றேன்.

இன்னொரு பக்கம், ஒட்டுண்ணின்னா தாடை தேயணும்னும் சட்டம் இல்ல. ஐசிக் 1906-ல நேபிள்ஸ்ல எழுதின இக்தியோடோமஸ், விலாங்கோட துடுப்புல ஒட்டி ரத்தம் குடிக்கறது, அதோட தாடை ரெண்டு ஊசியா மாறி கத்திரி மாதிரி குறுக்க போட்டு சதைக்குள்ள விரிச்சுக்கும். அது யூனிசிடாவே இல்ல, வேற வரிசை. அதே மாதிரி தாடையே இல்லாத ஒட்டுண்ணிப் புழு ஒண்ணு கெடைச்சா உடனே தேய்ஞ்சுபோன யூனிசிடான்னு எழுதாதீங்க, கடல் அல்லி மேல இருக்கற மைசோஸ்டோம் மாதிரி சிலதுக்குத் தாடை கெடையாது, தேய்ஞ்சதுக்கான தடயமும் அங்க இருக்காது.

குட்டியா பெருசா

புதுசா வர்றவங்க அதிகமா வழுக்கற எடம் இதுதான். ஈனோனிடேல பல இனம் சின்ன வயசுல மட்டும் இன்னொரு புழுவுக்குள்ள வளந்து, பெருசானதும் வெளிய வந்து தனியா வாழும். அப்ப உள்ள இருந்து எடுத்த குட்டியோட தாடை சின்னதா இருக்கறது தேய்மானமா, இன்னும் வளராததா? ஒரே ஒரு புழு, அதுவும் குட்டி, அத வச்சு புதுப் பேரினம் ஏத்திட்டா பின்னாடி வர்றவங்க அவிழ்க்கவே முடியாத முடிச்சு ஆகிடும். மரியன் பெட்டிபோன் 1957-ல இந்தக் குடும்பத்தோட உள்ளொட்டுண்ணிங்கள எல்லாம் சேத்துப் பாத்து எழுதினாங்க, அந்தக் கட்டுரையத் தேடிப் படிங்க, எவ்வளவு கொஞ்சமான புழுக்கள வச்சு எவ்வளவு பேர் நிக்குதுன்னு புரியும்.

குட்டியா பெருசான்னு எப்படித் தெரியும்? உடற்குழியில முட்டை இருந்தா பெருசு, வேற கேள்வியே வேண்டாம். முட்டை இல்லன்னா கண்டங்கள எண்ணுங்க, அதே ஓம்புயிரியோட வேற வேற ஆள்ல இருந்து பல அளவுல புழு கெடைச்சா எல்லாத்தோட தாடையையும் வரிசையா வச்சுப் பாருங்க, உடம்பு வளர வளர தாடைத் துண்டு கூடுதா, அதே எண்ணிக்கையில நிக்குதா. ஆஃப்ரியோட்ரோக்காவுல இன்னொரு விஷயம் இருக்கு, அது மேக்ஸில்லாவ உதிர்த்துட்டு புதுசு போட்டுக்கும், சின்ன வயசுல பீ-டைப், பெருசானதும் சில இனத்துல இடுக்கி மாதிரி கே-டைப். அதனால பழசு உதிர்ந்து புதுசு பாதி வந்த நேரத்துல நீங்க புடிச்ச புழுவ தாடை தேய்ஞ்ச இனம்னு நெனச்சுடக் கூடாது. தொண்டைக்குள்ள பழைய செட் எங்கயாவது தள்ளிக் கெடக்குதான்னு தேடுங்க.

டிஎன்ஏ பாக்க வசதி இருந்தா கண்டிப்பா பாருங்க, முக்கியமா வெளிய சுதந்திரமா வாழற பெரிய புழுவோட பொருந்துதான்னு. பல வருஷமா ரெண்டு பேரா இருந்தது ஒரே புழுவோட குட்டியும் பெருசும்னு தெரிய வாய்ப்பிருக்கு. பேரு இன்னும் செல்லுமா, வேற பேருக்குள்ள போய்டுச்சாங்கறத வோர்ம்ஸ்னு சொல்ற உலகக் கடல் உயிரினப் பட்டியல்ல ஒரு தடவ சரிபாத்துக்கங்க. வேலை முடிஞ்சதும் ஸ்லைடு, மீதி உடம்பு, ஓம்புயிரி மூணையும் ஒரே நம்பர் போட்டு ஒண்ணாவே வைங்க, சென்னையில ஜூவாலஜிக்கல் சர்வேயோட கடல் உயிரியல் மையம் இருக்கு, அந்த மாதிரி எடத்துல ஒப்படைச்சா நாளைக்கு இன்னொருத்தர் எடுத்துப் பாக்க முடியும். உங்க அலமாரியில இருந்தா உங்களுக்கு அப்புறம் அது காஞ்சுபோகும்.

நோட்டுல எழுதறப்ப ஒரே ஒரு பழக்கத்த மட்டும் முதல் நாள்ல இருந்தே வச்சுக்கங்க. ஒவ்வொரு துண்டுக்கும் மூணு கட்டம் போடுங்க: “இருக்கு”, “இல்ல”, “பாக்க முடியல”. ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்து, சதை கரைஞ்ச பிறகும் பாத்து, அப்பவும் காணோம்னாதான் “இல்ல”ல டிக். உடைஞ்சிருந்தா, மங்கலா இருந்தா, ஒரே பக்கம்தான் பாத்திருந்தா மூணாவது கட்டத்துல டிக் போட்டு பக்கத்துல தேதியும் போடுங்க, திரும்ப அந்த ஸ்லைட எடுக்கறப்ப எங்க ஆரம்பிக்கணும்னு அதுவே சொல்லும்.